ஹாம்பர்க் 1892: தெருவின் ஒரு பக்கம் காலரா, மறுபக்கம் இல்லை. ஏன்?

சுடர்மதி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். தம்பி ஹாம்பர்க்கில் மேற்படிப்பு படிக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது துறைமுகத்தின் பழைய கிடங்குப் பகுதியான ஷ்பைக்கர்ஷ்டாட்டைச் சுற்றிப் பார்த்தோம். கால்வாய் ஓரமாக வரிசை வரிசையாகச் செங்கல் கட்டடங்கள். காப்பி, தேயிலை, மிளகு, கம்பளம் எல்லாம் சுங்கவரி இல்லாமல் இறக்கி வைக்கக் கட்டியதாம். 1888-ல் ஜெர்மன் பேரரசர் கைசர் வந்து திறந்து வைத்திருக்கிறார்.

கூட வந்த வழிகாட்டி போகிறபோக்கில் ஒன்று சொன்னார். அதற்கு நாலே வருஷம் கழித்து, 1892-ல், இந்த ஊரில் காலராவில் 8,600 பேர் செத்தார்கள். ஒட்டினாற்போல் இருந்த ஆல்டோனாவில் அவ்வளவு பாதிப்பு இல்லை என்று. அதே எல்பே ஆறு, அதே காற்று. இவ்வளவு பணம் புரண்ட ஊரில் எப்படி இது நடந்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கடலோடி:

அப்போது ரஷ்யாவில் காலரா பரவியிருந்தது. அங்கிருந்து அமெரிக்கா போக ஹாம்பர்க் வந்தவர்களைத் துறைமுகத்திலேயே கொட்டகை போட்டுத் தங்க வைத்திருந்தார்கள். அவர்கள் வழியாக வந்தது என்றுதான் நான் படித்திருக்கிறேன்.

நீர்வளவள்:

கடலோடி தம்பி, நோய் ஊருக்குள் எப்படி வந்தது என்பது ஒன்று, வீடு வீடாக எப்படிப் போனது என்பது இன்னொன்று. வந்தவர்கள்மேல் பழியைப் போட்டால் இரண்டாவது கேள்வி மறைந்துபோகும். அந்தக் காலத்து ஹாம்பர்க் ஆட்சியாளர்களுக்கும் அதுதான் வசதியாக இருந்தது.

நான் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்கள் துறையில் இந்த ஊரின் கதை பாலபாடம். சுடர்மதி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1842 மே மாதம் ஹாம்பர்க்கில் பெரிய தீ. டைக்ஷ்ட்ராஸே என்ற தெருவில் பிடித்து ஊரில் ஒரு பெரிய பகுதியைத் தின்றது. அதற்கப்புறம் வில்லியம் லிண்ட்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் புதிய சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் அமைத்தார். ரோட்டன்பூர்க்ஸோர்ட் என்ற இடத்தில் எல்பேயிலிருந்து தண்ணீர் எடுத்து, தொட்டியில் தெளியவிட்டு, அப்படியே ஊருக்கு அனுப்பினார்கள். மணல் வடிகட்டி கிடையாது. விலாங்கு, நத்தை, சிப்பி எல்லாம் குழாயில் குடியிருந்தன. காலராவுக்குச் சில வருஷம் முன்பே கார்ல் க்ரேப்பலின் என்ற விலங்கியலாளர் அந்தக் குழாய்வாழ் உயிர்களைப் பற்றித் தனி ஆய்வே எழுதியிருக்கிறார். வயிற்றுக்குள் போகிற தண்ணீரைப் பற்றி இதற்குமேல் என்ன எச்சரிக்கை வேண்டும்?

ஆல்டோனா அப்போது தனி நகரம், பிரஷ்யா என்ற ஜெர்மானிய அரசைச் சேர்ந்தது (1937-ல்தான் ஹாம்பர்க்கோடு சேர்த்தார்கள்). அவர்கள் தண்ணீர் எடுத்தது ஆற்றின் கீழ்ப்பகுதியில், பிளாங்கெனேஸெ பக்கம். இரண்டு ஊர்ச் சாக்கடையும் கலந்தபிறகு வருகிற தண்ணீர் அது. ஹாம்பர்க் தண்ணீரைவிட மோசம். ஆனால் 1859-லிருந்தே அதை மணலில் வடிகட்டித்தான் கொடுத்தார்கள். வித்தியாசம் அந்த மணல் மட்டும்தான்.

ஹாம்பர்க்காரர்களுக்கு இது தெரியாமல் இல்லை. வடிகட்டி கட்டுவது பற்றி வருஷக்கணக்காகப் பேசினார்கள். செலவை யார் தலையில் கட்டுவது, வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்கலாமா என்று செனட் என்ற ஆட்சிக் குழுவுக்கும் நகர மன்றத்துக்கும் இழுபறி. மன்றத்தில் வீட்டுச் சொந்தக்காரர்கள் கை ஓங்கியிருந்தது. கூலித் தொழிலாளிகளில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லை. கிடங்கு கட்டும் வேலையோ தங்கு தடையில்லாமல் நடந்தது. பேரரசு மட்டும் 4 கோடி மார்க் கொடுத்தது. அங்கே குடியிருந்த ஏறக்குறைய 20,000 பேரை வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் ஏற்கெனவே நெரிசலாக இருந்த சந்துக் குடியிருப்புகளில் போய் அடைந்தார்கள்.

1892 ஆகஸ்ட் கடும் வெயில். ஆற்றில் நீர் குறைவு. எல்பேயில் கடல் ஏற்றம் உண்டு, அது சாக்கடையை நீர் எடுக்கும் இடம்வரை மேலே தள்ளும். முதல் நோயாளிகள் மாதத்தின் நடுவிலேயே தெரிந்துவிட்டார்கள். காலரா என்று அறிவித்தால் துறைமுகம் முடங்கும் என்பதால் அதிகாரிகள் ஒரு வாரத்துக்கு மேல் வாய் திறக்கவில்லை. அதற்குள் மொராவியா என்ற கப்பல் நோயில்லை என்ற சான்றிதழோடு கிளம்பிவிட்டது. நியூயார்க் போய்ச் சேர்வதற்குள் 22 பேர் இறந்திருந்தார்கள். ஆகஸ்ட் 24-ல் பெர்லினிலிருந்து கிருமி ஆய்வாளர் ராபர்ட் கோக் வந்தார். சந்துக் குடியிருப்புகளைப் பார்த்துவிட்டு, தான் ஐரோப்பாவில் இருப்பதே மறந்துபோகிறது என்றார். ஏறக்குறைய 17,000 பேருக்கு நோய், 8,605 சாவு. ஆல்டோனாவில் 300-க்குச் சற்று மேல், அதிலும் பலர் ஹாம்பர்க்கில் வேலைக்குப் போய்த் தொற்றிக்கொண்டவர்கள்.

எல்லையில் தெருவின் ஒரு ஓரம் ஹாம்பர்க், மறு ஓரம் ஆல்டோனா. மண் ஒன்று, சாக்கடை ஒன்று, வறுமையும் ஒன்று. ஹாம்பர்க் குழாய் போன பக்கம் மட்டும் நோய். இன்னும் பெரிய சாட்சி ஒன்று உண்டு. ஷுல்ட்டர்பிளாட் தெருவில் ஒரு தொழிலாளர் வளவு. இருப்பது ஹாம்பர்க் எல்லைக்குள், தண்ணீர் மட்டும் ஆல்டோனா குழாயிலிருந்து. முந்நூறு பேருக்கு மேல் குடியிருந்தார்கள். ஒருவருக்குக்கூடக் காலரா வரவில்லை.

சுடர்மதி:

மிக்க நன்றி அம்மா. காலரா மண்ணிலிருந்து கிளம்பும் நச்சால் வருகிறது என்று அந்தக் காலத்தில் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த வளவு விஷயம் தெரிந்தபிறகுமா அப்படிப் பேசினார்கள்? அதோடு, வெறும் மணல் எப்படிக் கிருமியைத் தடுக்கும்?

நீர்வளவள்:

பேசினார்கள்மா. மியூனிக்கின் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர்தான் அந்தக் கொள்கைக்காரர்களுக்குத் தலைவர். கிருமி மட்டும் போதாது என்று காட்ட, அக்டோபரில் காலராக் கிருமி கலந்த நீரைத் தானே குடித்தார். லேசான வயிற்றுப்போக்கோடு தப்பினார். அவர் நேர்மையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அவர் கொள்கையைக் காட்டித்தான் ஹாம்பர்க் அதிகாரிகள் வடிகட்டியை அவசரமில்லாத செலவாகக் கருதினார்கள். அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மணல் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. புது மணல் அவ்வளவாகத் தடுக்காது. சில நாள் ஓடியபிறகு மேலே பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து வழவழவென்று ஒரு படலம் கட்டும். அதுதான் வேலை செய்வது. தண்ணீரை அவசரப்படுத்தினால் படலம் கிழியும். 1893 ஜனவரியில் ஆல்டோனாவிலேயே பனிக்கட்டியால் வடிகட்டி கெட்டு, அங்கும் கொஞ்சம் காலரா வந்தது. அதையும் ஆராய்ந்துதான் கோக் விதி வகுத்தார்: மணிக்கு 100 மில்லிமீட்டருக்குமேல் நீர் இறங்கக்கூடாது, வடித்த நீரில் ஒரு கன சென்டிமீட்டருக்கு 100 கிருமிக்குக் கீழே இருக்கவேண்டும். அதற்கு வடிகட்டிகளைத் தினமும் சோதிக்கச் சொன்னார். என் பணிக்காலம் முழுக்க நான் செய்த வேலையின் வேர் அங்கே இருக்கிறது.

இழுபறியில் கிடந்த ஹாம்பர்க் வடிகட்டி 1893 மே மாதமே ஓட ஆரம்பித்துவிட்டது. ஏற்கெனவே தொடங்கியிருந்த வேலையைக் காலராவுக்கப்புறம் அவசரமாக முடித்தார்கள்.

மறுபடி போனால் கால்ட்டஹோஃபெ தீவுக்குப் போங்கள். 1990 வரை ஓடிய அந்த வடிகட்டிக் குளங்களும் குட்டிச் செங்கல் வீடுகளும் அப்படியே இருக்கின்றன, அருங்காட்சியகமும் உண்டு. ராட்ஹவுஸ் என்ற நகர மன்றக் கட்டடத்தின் முற்றத்தில், கிரேக்கர்களின் ஆரோக்கிய தேவதையான ஹைஜியாவின் நீரூற்று ஒன்று இருக்கும். அந்த ஆண்டின் நினைவாக வைத்தது.