டிடூப், டியரிங் போட்டு இடம் மிச்சம் பிடித்தவர்கள் பட்ட பாட்டையும் சொல்லுங்கள்

வெள்ளவத்தை வாசி:

போன கிழமை ஒரு தம்பி, ஒஃபிஸ் சேர்வர் நிரம்பிவிட்டது, டிடூப் (ஒரே டேட்டா பல இடத்தில் இருந்தால் ஒரு பிரதியை மட்டும் வைத்து இடம் மிச்சம் பிடிக்கும் வசதி) போடலாமா அண்ணா என்று கேட்டிருந்தார். போடலாம். ஆனால் போட்டுவிட்டு நான் முழித்த முழியையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

நான் வேலை செய்வது பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு சின்ன டிசைன் ஒஃபிஸில். கொழும்பில் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு கையேடு என்றால் அது மூன்று கையேடு: சிங்களம், தமிழ், ஆங்கிலம். வேலை முடிந்து அச்சகத்துக்குக் கொடுக்க இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் ‘பேக்கேஜ்’ போட்டால், உள்ளே வைத்த படம் ஒவ்வொன்றையும் அது லிங்க்ஸ் என்ற ஃபோல்டருக்குள் பிரதி எடுத்து வைக்கும். மூன்று மொழிக்கு மூன்று பேக்கேஜ், மூன்றிலும் அதே படங்கள். பிறகு வாடிக்கையாளர் ஒரு கொம்பு விட்டுப்போனதைக் கண்டுபிடிப்பார், ஃபைனல், ஃபைனல் 2, ‘இதுதான் ஃபைனல்’ என்று இன்னும் மூன்று மூன்றாகப் பெருகும்.

2022 மார்ச்சில் 4 டெராபைட் டிஸ்கில் 3.6 நிரம்பிவிட்டது. அந்த நேரம் ஞாபகம் இருக்கும்தானே, டொலர் 200 ரூபாயிலிருந்து ஏறத் தொடங்கி மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. காலையில் கேட்ட டிஸ்க் விலை பின்னேரம் செல்லாது. முதலாளியிடம் புது டிஸ்க் என்று வாய் திறக்கவே முடியாது. விண்டோஸ் சேர்வரில் 2012இலிருந்தே டிடூப் வசதி இருக்கிறது, எங்களிடம் இருந்தது 2019, சரி போட்டுப் பார்ப்போம் என்று இறங்கினேன்.

அது செய்வது இவ்வளவுதான். ஃபைலை 32 கிலோபைட்டிலிருந்து 128 கிலோபைட் வரையான துண்டுகளாக வெட்டும், ஒரே மாதிரியான துண்டு எத்தனை ஃபைலில் இருந்தாலும் ஒரு பிரதியைத்தான் வைத்துக்கொள்ளும், ஃபைல் இருந்த இடத்தில் ‘துண்டுகள் இன்ன இடத்தில்’ என்று ஒரு சுட்டியை மட்டும் விட்டுவிடும். எழுதும்போதே செய்யாது, பிறகு ஆறுதலாகச் செய்யும். 32 கிலோபைட்டுக்குக் குறைந்த ஃபைலைத் தொடாது. நாமாக மாற்றாவிட்டால், மூன்று நாள் பழசாகாத ஃபைலையும் தொடாது. இந்த இரண்டையும் மனதில் வைத்திருங்கள், கதையில் வரும்.

எங்கள் 3.6 டெராபைட் 2.1 ஆகியது. மூன்று மொழிக்கு நன்றி! அடுத்த நாள் ஒரு டிசைனர் பிள்ளை ஒரு ஃபைலின் புரொப்பட்டீஸைத் திறந்து ‘சைஸ் ஒன் டிஸ்க்: 0’ என்று பார்த்துவிட்டு, என் வேலையெல்லாம் போய்விட்டதே என்று கண் கலங்கியது தனிக்கதை.

முதல் தலையிடி, அழித்தாலும் இடம் வராதது. பழைய வேலைகள் ஒரு 400 ஜிபி அழித்தோம், டிஸ்கில் ஒரு ஜிபிகூடக் கூடவில்லை. ஃபைலை அழித்தால் சுட்டிதான் போகும், துண்டுகளைக் கூட்டிப் பெருக்குவது கார்பேஜ் கலெக்ஷன் என்ற வேறொரு வேலை, அது கிழமைக்கு ஒருமுறை சனிக்கிழமை அதிகாலை ஓடும். நாங்களோ மின்வெட்டுக்குப் பயந்து வெள்ளி பின்னேரமே சேர்வரை அணைத்துவிட்டுப் போகிறவர்கள். நேரத்தைப் புதன் மதியத்துக்கு மாற்றிய பிறகுதான் இடம் வந்தது.

இரண்டாவதை இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்கும். ஜூனில் ஒரு நாள் கரண்ட் போய் வந்த வேகத்தில் சேர்வரின் பவர் சப்ளையும் மதர்போர்டும் சேர்ந்தே போயின. டிஸ்குக்கு ஒன்றுமில்லை, கழற்றி என் விண்டோஸ் 10 லெப்டொப்பில் மாட்டினேன். ஃபோல்டர்கள் எல்லாம் இருக்கின்றன, பெயர்கள் இருக்கின்றன, சைஸ்கூடச் சரியாகக் காட்டுகிறது. திறந்தால் மட்டும் ஃபைலை அணுக முடியவில்லை என்கிறது. அதிலும் வேடிக்கை, முந்தாநாள் செய்த போஸ்டர் திறக்கிறது, மூன்று மாதம் இருந்து செய்த நூற்றாண்டு மலர் திறக்கவில்லை. சின்னச் சின்ன டெக்ஸ்ட் ஃபைல் எல்லாம் திறக்கின்றன. வைரஸ் என்றார் ஒருவர். டிஸ்க் போய்விட்டது, ரிக்கவரிக்குக் கொடு என்றார் இன்னொருவர். இன்னும் ஒருவர், டிஸ்கில் பிழை தேடித் திருத்தும் செக்டிஸ்க்கை ஓடவிடக் கையையே வைத்துவிட்டார், நல்ல காலம் தடுத்துவிட்டேன்.

இரவு வீட்டில் சோற்றைப் பிசைந்தபடி இருக்கும்போதுதான் பொறி தட்டியது. திறப்பவை எல்லாம் மூன்று நாளுக்குள் உள்ளவை, அல்லது 32 கிலோபைட்டுக்குக் குறைந்தவை! டிடூப் தொடாதவை மட்டும் திறக்கின்றன. சுட்டியைப் பின்தொடர்ந்து துண்டுகளைக் கோத்துக் கொடுக்கும் பகுதி விண்டோஸ் 10இல் கிடையாது, அது சேர்வரில் மட்டும்தான். விண்டோஸ் சேர்வர் 2019இன் 180 நாள் சோதனைப் பதிப்பை விடிய விடிய டவுன்லோட் பண்ணி, மூலையில் கிடந்த ஒரு பழைய பிசியில் போட்டு, டிடூப் வசதியைச் சேர்த்து டிஸ்க்கை மாட்டினேன். மலர் திறந்தது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை, எல்லோருக்கும் கொத்து வாங்கித் தந்தார்.

கொட்டாஞ்சேனை இரவல் சேர்வர்:

அண்ணை, எல்லாம் சரி, பேக்கப் எங்கே போனது?

வெள்ளவத்தை வாசி:

கேட்பீர்கள் என்று தெரியும். இருந்தது, 3 டெராபைட் வெளி டிஸ்க் ஒன்றில். 2.1 தானே, தாராளம் என்று நினைத்து ஒவ்வொரு இரவும் ஃபைல் ஃபைலாகக் கொப்பி பண்ண விட்டிருந்தேன். ஃபைலாக எடுத்தால் ஒவ்வொன்றும் பழையபடி முழு அளவில் விரிந்துதான் போகும் என்பது மண்டையில் ஏறவில்லை. நிரம்பி, பாதியில் நின்று, ஒரு மாதமாக யாரும் கவனிக்கவில்லை. இப்போது ஃபைல் ஃபைலாக இல்லாமல் வொல்யூமை, அதாவது டிஸ்க் பகுதியை அப்படியே முழுதாக எடுக்கும் பேக்கப், அது சுருங்கியபடியே போகும்.

கொட்டாஞ்சேனை இரவல் சேர்வர்:

என் கதை டிடூப் இல்லை, டியரிங், அதாவது அடிக்கடி தேவைப்படாத ஃபைலை வேறிடத்துக்கு மாற்றி வைப்பது. கணக்காய்வு ஒஃபிஸ் ஒன்றில் ஐடி பார்க்கிறேன். அங்கே மைக்ரோசொஃப்ட்டின் அஷ்யூர் ஃபைல் சிங்க் வைத்து, 90 நாள் யாரும் தொடாத ஃபைலை கிளவுடுக்கு அனுப்பிவிட்டு இங்கே வெறும் கூட்டை மட்டும் விடுவது என்று ஏற்பாடு. யாராவது திறந்தால் அந்த நேரத்தில் இழுத்துக்கொண்டு வரும். ஆறு மாதம் அருமையாக ஓடியது, 2 டெராபைட் டிஸ்கில் 5 டெராபைட் வைத்திருக்கிறேன் என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு தலைமை ஒஃபிஸ் சொன்னது என்று ஒரு புது அன்டிவைரஸ் போட்டோம். முதல் ஞாயிறு அது முழு ஸ்கேன் தொடங்கியது. ஸ்கேன் என்றால் என்ன, ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து பார்ப்பதுதானே! கிளவுடில் நிம்மதியாகத் தூங்கிய ஐந்து வருடக் கணக்குகள் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து இறங்கி வர, திங்கட்கிழமை காலை டிஸ்க் நிறைந்து கிடக்கிறது, லைன் நத்தை வேகம், பக்கேஜின் டேட்டா அளவும் முடிந்துவிட்டது, வரவேற்பில் இருக்கும் அக்காவால் ஒரு மெயில் அனுப்ப முடியவில்லை. கூடுகளுக்கு ஓஃப்லைன் என்று ஒரு அடையாளம் இருக்கும், அதைப் பார்த்துத் தாண்டிப் போகும்படி அன்டிவைரஸில் சொல்லி வைக்க வேண்டும். டிஃபெண்டர் தானாகவே தாண்டும், மற்றவற்றில் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அதைவிடப் பெரிய பிழை என்னுடையது. எங்கள் தொழிலில் மார்ச் 31 கணக்காண்டு முடிகிறது, ஏப்ரலில் புத்தாண்டு லீவு முடிந்து வந்ததும் எல்லோரும் போன வருடத்து ஃபைலைத்தான் தேடுவார்கள். சிஸ்டத்தின் கணக்கில் அது ஆறிப்போன ஃபைல், எங்களுக்கு அது சுடச்சுட. இப்போது மார்ச் கடைசிக் கிழமையில் போன வருட ஃபோல்டர்களை நானே முன்கூட்டி இறக்கி வைக்கிறேன்.

தெமட்டகொடை வீட்டு நாஸ்:

என்னுடையது சின்னக் கதை, முழுக்க முட்டாள்தனம். கல்யாண வீடியோ எடுக்கிறேன். வீட்டில் 8 ஜிபி ரேமுடன் ஒரு பழைய பிசி, அதில் செட்எஃப்எஸ் (டிடூப் வசதியும் உள்ள ஒரு ஃபைல் சிஸ்டம்). டிடூப் ஓன் என்று ஒரு வரியில் போடலாம் என்று கண்டேன், போட்டுவிட்டேன். செட்எஃப்எஸ் பிறகு செய்வதில்லை, எழுதும் நிமிடமே ஒவ்வொரு பிளொக்கையும் ஒரு அட்டவணையில் தேடும். 128 கிலோபைட் பிளொக் என்றால் ஒரு டெராபைட்டுக்கு கிட்டத்தட்ட 84 இலட்சம் பிளொக், ஒவ்வொன்றுக்கும் ரேமில் 320 பைட் அளவில் வேண்டும், அதாவது டெராபைட்டுக்கு இரண்டரை ஜிபி. என்னிடம் 6 டெராபைட் வீடியோ. நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஒரு பழைய கல்யாணத்தை அழிக்கக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்து வந்தேன், மதியச் சாப்பாடு முடிந்து வந்தேன், இன்னும் அழிந்துகொண்டிருந்தது. இவ்வளவுக்கும் மிச்சம் எவ்வளவு என்று பார்த்தால் 1.02 மடங்கு, அதாவது நூற்றுக்கு இரண்டு அளவுதான். இரண்டு கல்யாணத்தில் மேளம் ஒரே மேளமாக இருக்கலாம், வீடியோ பைட்டுகள் ஒருபோதும் ஒன்றாகாது. டிடூப்பை ஓஃப் பண்ணினாலும் புதிதாக எழுதுவதற்குத்தான் ஓஃப், பழைய அட்டவணை அப்படியே இருக்கும். எல்லாவற்றையும் வேறு டிஸ்கில் எடுத்துத் திரும்ப எழுதித்தான் தப்பினேன். 2025 ஜனவரியில் வந்த ஓபன் செட்எஃப்எஸ் 2.3இல் இந்த அட்டவணையை வேகமாக்கியிருக்கிறார்கள். கல்யாண வீடியோவுக்கு அதனாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

முதலில் கேட்ட தம்பி:

அப்படியென்றால் போடாமலே விடவா? எங்களுடையது ஒரு டியூஷன் நிலையம். பாடக் குறிப்புகள், கேள்வித்தாள்கள், சூம் பதிவுகள்.

வெள்ளவத்தை வாசி:

விட வேண்டாம் தம்பி, அளந்துவிட்டுப் போடுங்கள். டிடூப் வசதியைச் சேர்த்ததும் சிஸ்டம்32க்குள் டிடிபிஈவல் என்று ஒரு கருவி வந்து இருக்கும், ஃபோல்டரைக் காட்டினால் எவ்வளவு மிச்சமாகும் என்று சொல்லும், எதையும் மாற்றாது. குறிப்புகளுக்கும் கேள்வித்தாள்களுக்கும் தனியாக ஓடவிடுங்கள், சூம் பதிவுகளுக்குத் தனியாக ஓடவிடுங்கள். பதிவுகளில் ஒன்றும் தேறாது என்று நினைக்கிறேன், அவற்றை ஒரு மலிவான பெரிய டிஸ்கில் போட்டு ஒதுக்கிவிடலாம்.

இன்னொன்று, டிஸ்கின் மேலே எழுதி ஒட்டுங்கள். எங்கள் டிஸ்கில் இப்போது ‘டிடூப் உண்டு, சேர்வரில் மட்டும் மாட்டவும்’ என்று மார்க்கரால் எழுதி ஒட்டியிருக்கிறது, மூன்று மொழியிலும். அன்று கண் கலங்கிய அதே பிள்ளைதான் எழுதியது, சிங்கள வரியில் ஒரு எழுத்து பிழை என்று நேற்றுக் கண்டுபிடித்து, கழற்றித் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறாள்.