மூன்றாவது கப்பலுக்குக் காத்திருந்தவர்

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவும் ஜப்பானும் தங்களிடம் சிக்கிய பொதுமக்களை இரண்டு முறை மாற்றிக்கொண்டன. 1942 ஜூலையில் மொசாம்பிக்கின் லோரன்சோ மார்க்கஸ் துறைமுகத்தில் ஒரு முறை, 1943 அக்டோபரில் கோவாவின் மர்மகோவாவில் இன்னொரு முறை. இரண்டு இடங்களும் அப்போது நடுநிலை நாடான போர்ச்சுகலின் கையில் இருந்தன. மூன்றாவது பரிமாற்றம் நடக்கவே இல்லை. அதற்காகக் காத்திருந்த குடும்பத்தில் பிறந்த ஒருவரை நான் சந்தித்தேன்.

டெக்சாஸில் வேலை பார்த்தபோது கிரிஸ்டல் சிட்டி என்ற சிற்றூருக்குப் போயிருந்தேன். போர்க்காலத்தில் அங்கே குடும்பங்களை அடைத்து வைத்த முகாமில் இன்று மிஞ்சியிருப்பது நீச்சல் குளத்தின் தரையும், ஒரு நினைவுக் கல்லும், இன்னும் சில தடயங்களும்தான். அங்கே வந்திருந்த பெரியவர் தென் அமெரிக்காவில், பெருவின் தலைநகர் லிமாவில் பிறந்தவர். ஜப்பானிய வம்சாவளி, வீட்டில் பேசியது பெரும்பாலும் ஸ்பானிஷ். முதலில் அப்பாவைப் பிடித்துக் கப்பலேற்றினார்கள், அப்புறம் அம்மாவும் பிள்ளைகளும் போய்ச் சேர்ந்தார்கள். வழியில் பாஸ்போர்ட்டைப் பறித்துக்கொண்டு, அமெரிக்கக் கரையில் இறங்கியதும் "அனுமதியின்றி நாட்டுக்குள் நுழைந்தவர்கள்" என்று எழுதிக்கொண்டார்களாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பெருவிலிருந்து மட்டும் சுமார் 1,800 பேர் இப்படிக் கொண்டுவரப்பட்டார்கள். ஒரு முக்கியக் காரணம் பரிமாற்றம்தான். ஜப்பான் பிடித்து வைத்திருந்த மணிலாவின் சாண்டோ தோமாஸ் போன்ற முகாம்களில் ஆயிரக்கணக்கான அமெரிக்கர்கள் மாட்டியிருந்தார்கள். அவர்களை மீட்க, பதிலுக்குக் கொடுக்க ஆட்கள் வேண்டும். அமெரிக்காவில் இருந்த ஜப்பானியர் பலரோ, கேட்டபோது போக மறுத்துவிட்டார்கள்.

இரு அரசுகளும் நேரடியாகப் பேசவில்லை. ஜப்பானில் அமெரிக்காவின் சார்பில் சுவிட்சர்லாந்து பேசியது, அமெரிக்காவில் ஜப்பானின் சார்பில் ஸ்பெயின். போர்க்கைதிகளுக்கான 1929 ஜெனீவா ஒப்பந்தத்தை ஜப்பான் உறுதிசெய்யவில்லை. அடைத்து வைத்த பொதுமக்களுக்கும் அதன் விதிகளை முடிந்தவரை கடைப்பிடிப்பதாகத் தந்தி வழியாக ஒப்புக்கொண்டது, அவ்வளவுதான். ஆகவே ஒவ்வொரு பக்கமும் மற்றவர் எப்படி நடத்துகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தது.

பெரியவர் சொன்னதில் இதுதான் என்னை அதிகம் பாதித்தது. முகாமில் பால் கிடைத்தது, பள்ளிக்கூடம் இருந்தது, ஸ்பெயின் தூதரக அதிகாரி வந்து குறை கேட்டுப் போவார். "எங்கள் மேல் பிரியம் வைத்தா கொடுத்தார்கள்? இங்கே எங்களுக்கு ஒன்று என்றால் மணிலாவில் அவர்கள் ஆட்களுக்கு ஒன்று ஆகிவிடும் என்ற பயம்" என்றார். அந்தப் பயம் நல்லதும் செய்தது என்றே நினைக்கிறேன். ஆனால் பேரத்தில் வைப்பதற்காகவே மூன்றாம் நாட்டிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு ஆள் பிடித்து வந்ததை எந்தப் பயமும் நியாயப்படுத்தாது.

1943 நவம்பரில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்து வைத்திருந்த கலிபோர்னியாவின் டூலி லேக் முகாமில் கலவரம் வெடித்து, ராணுவம் உள்ளே புகுந்தது. ஜப்பான் கடுமையாகக் கண்டித்தது. அடுத்த பரிமாற்றப் பேச்சு அப்படியே நின்றுபோனது. பெரியவரின் அப்பா பெட்டி கட்டி வைத்திருந்தாராம், பிள்ளைகள் ஒரு நாளும் பார்த்தே இராத ஜப்பானுக்கு அவர்களைக் கூட்டிப்போக.

போர் முடிந்ததும் பெரு இவர்களில் மிகச் சிலரையே திரும்பச் சேர்த்துக்கொண்டது. பலர் சிதைந்து கிடந்த ஜப்பானுக்கு அனுப்பப்பட்டார்கள். இவர் குடும்பம் வெளியேற்றத்தை எதிர்த்து, வழக்கறிஞர் வெய்ன் காலின்ஸின் உதவியோடு அமெரிக்காவிலேயே தங்கியது. முகாமில் இருந்த ஜப்பானிய அமெரிக்கர்களுக்கு 1988-ன் இழப்பீட்டுச் சட்டம் தலா 20,000 டாலர் கொடுத்தபோது, "அனுமதியின்றி நுழைந்தவர்கள்" என்ற அதே பழைய வரியைக் காட்டி இவர்களை விலக்கினார்கள். வழக்குப் போட்ட பிறகு 1998-ல் 5,000 டாலர் தருவதாகச் சமரசம் வந்தது. பெரியவர் அதை வாங்க மறுத்துவிட்டார்.