புதுப்பிப்பு: எல்டிஓ-6 டேப் நின்று நின்று எழுதிய சிக்கல் தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. எல்டிஓ-6 என்ற காந்த நாடாவில் பேக்கப் எடுக்கும்போது டேப் நின்று, பின்னால் போய், மறுபடி கிளம்புகிறது, ஏன் என்று இங்கே கேட்டிருந்தேன். கிளீனிங் கார்ட்ரிட்ஜ் போட்டும் மாறவில்லை. டிரைவில் கோளாறே இல்லை. சின்னச் சின்னக் கோப்புகளை டிஸ்க் நொடிக்கு 30 எம்பிதான் படித்துத் தந்தது; டேப் நிற்காமல் ஓட அது போதவில்லை.

எம்பஃபர் (தரவை ரேமில் சேர்த்துவைத்து அனுப்பும் நிரல்) போடச் சொன்ன யோசனைதான் பலித்தது. டாருக்கும் (கோப்புகளை ஒன்றாகக் கட்டும் நிரல்) டேப்புக்கும் நடுவே 8 ஜிபி ரேம், அது 90% நிரம்பிய பிறகே எழுத்து, பிளாக் (ஒரு தடவையில் எழுதும் துண்டு) 256 கேபி. இப்போது ஒரு நிமிடம் முழு வேகத்தில் எழுதி, நாலு நிமிடம் அமைதியாகக் காத்திருக்கிறது. மொத்த நேரம் குறையாது. டேப்பும் ஹெட்டும் தேய்வதுதான் குறையும்.

எதிர்பாராதது: திரும்ப எடுக்கும்போது ‘மெமரி ஒதுக்க முடியவில்லை’ என்று டார் நின்றுவிட்டது. ரேம் பற்றாக்குறை இல்லை, டார் வழக்கமாக 10 கேபி பிளாக்காகப் படிப்பதால் வரும் பிழை. டாருக்குப் பிளாக்கிங் எண்ணை 512 என்று (512 பைட் துண்டுகள் 512, அதாவது அதே 256 கேபி) கொடுத்ததும் படித்தது. அந்த எண்ணைக் கார்ட்ரிட்ஜ் லேபிளிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.