ஐந்தாவது என்டர்

குழு: சுங்கை சிப்புட் வீடு

அத்தை, காலை 6:52
பசியாறியாச்சா? ராத்திரி ஒரு மணிக்கும் உன் அறையில் விளக்கு எரிந்ததே.

நான், 6:58
வேலை அத்தை. செம்பனைக் குலை லோரிகளின் எடைக் கணக்கு நிரலுக்குப் புதிய பதிப்பு வெளியிட்டேன். ஊருக்கே காட்டக் கூடாத ஒன்று வெளியே போகப் பார்த்தது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை.

தம்பி பினாங்கு, 7:01
என்ன ஆச்சு அக்கா?

நான், 7:06
அந்த நிரல் மொத்தம் ஐந்து பேக்கேஜ், அதாவது ஐந்து தனித்தனிக் கட்டு. நான்கின் விவரக் கோப்பான பேக்கேஜ் ஜேசனிலும் பிரைவேட் ட்ரூ, அதாவது வெளியே விடாதே, என்று எழுதியிருக்கிறது. அப்படியும் வெளியீட்டுக் கருவி ஒவ்வொன்றுக்கும் "என்பிஎம்மில் பப்ளிஷ் செய்யவா?" என்று கேட்கும். என்பிஎம் என்பது யார் வேண்டுமானாலும் நிரல்களை இறக்கிக்கொள்ளும் பொதுக் கிடங்கு. என்டர் தட்டினால் ஆம். தட்டிய பிறகு "பிரைவேட் என்பதால் விட்டாயிற்று" என்று ஒரு வரி வரும். விடத்தான் போகிறது என்றால் எதற்குக் கேட்க வேண்டும்?

நான், 7:08
தட்டித் தட்டிக் கை பழகிவிட்டது. ஐந்தாவது, புதிதாகச் சேர்த்தது. லோரிக்காரர் ஒவ்வொருவருக்கும் டன்னுக்கு எவ்வளவு வாடகை என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அதில் அந்த பிரைவேட் வரியை எழுத மறந்திருந்தேன். அதற்கும் தட்டிவிட்டேன்.

தம்பி பினாங்கு, 7:08
ஐயோ. போய்விட்டதா?

நான், 7:11
ஓடிபி கேட்டது. கைபேசி அடுப்படியில் சார்ஜில் இருந்தது. எடுக்கப் போகும்போதுதான் உறைத்தது, மற்ற நான்குக்கும் ஓடிபி கேட்கவே இல்லையே என்று. ஓடி வந்து கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்தினேன்.

தம்பி பினாங்கு, 7:15
நல்ல வேளை. ஏறிவிட்டால் 72 மணி நேரத்துக்குள் நாமே நீக்கலாம், அதுவும் வேறு பேக்கேஜ் எதுவும் அதைச் சார்ந்திராவிட்டால்தான். நீக்கினாலும் அதே பெயரில் அதே பதிப்பு எண்ணை மறுபடி போட முடியாது. அதற்குள் இறக்கிக்கொண்டவர்களிடம் போய்த் திருப்பிக் கேட்கவா முடியும்?

லெர்னா என்ற வெளியீட்டுக் கருவி பிரைவேட் பேக்கேஜை பப்ளிஷ் செய்வதே இல்லை. செமான்டிக் ரிலீஸ் என்ற இன்னொரு கருவியும் அந்த வரியைப் பார்த்தால் என்பிஎம் பப்ளிஷைத் தானே அணைத்துக்கொள்ளும். முதலில் கோப்பைப் படிக்க வேண்டும், அப்புறம் கேட்க வேண்டும். உன் கருவியில் வரிசை தலைகீழ்.

பெரியப்பா, 7:31
எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் இது தெரிந்த கதை. நான் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய காலத்தில் விடியற்காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுப்பில், கணக்கப்பிள்ளை கிராணி பேர் கூப்பிடுவார். லீவு போட்டவர்கள் பேரையும் விடமாட்டார், லீவு அவர் புத்தகத்திலேயே இருக்கும். நாங்களும் காதில் வாங்காமலே "லீவு" என்று குரல் கொடுப்போம். ஒருநாள் லீவு போடாமலே காய்ச்சலோடு லயத்து வீட்டில் தனியாகக் கிடந்தவன் பேருக்கும் அதே வாய் "லீவு" என்றது. மத்தியானம் வெட்டு முடிந்து வந்த பிறகுதான் அவனைப் பார்த்தோம்.

அத்தை, 7:33
எனக்கும் ஞாபகம் இருக்கிறது அண்ணே. கஞ்சி கொண்டு போனேன், வாய் திறக்க முடியவில்லை அவனால்.

நான், 7:36
அதேதான் பெரியப்பா. கேள்வியைக் கேட்குமுன் கோப்பைப் பாருங்கள் என்று கருவியைப் பராமரிப்பவர்களுக்கு இன்றே எழுதுகிறேன். உங்கள் பெரட்டுக் கதையையும் சேர்த்து எழுதட்டுமா?

பெரியப்பா, 7:37
எழுதும்மா.

தம்பி பினாங்கு, 7:38
அதுவரை கருவியின் செட்டிங்கில் ஐந்துக்கும் பப்ளிஷ் ஃபால்ஸ், அதாவது பப்ளிஷ் வேண்டாம், என்று போட்டு வை.

நான், 8:40
போட்டாயிற்று. ஐந்தாவதிலும் பிரைவேட் வரி சேர்த்துவிட்டேன். இப்போது ஓட்டினால் ஒரே கேள்வி, பதிப்பு எண் சரியா என்று. வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் தட்டினேன்.