எம்.வி.பி. சீட்டில் முதல் பெயர் யாருக்கு: ஷையா, யோக்கிச்சா?

வளையத்தடி:
அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யின் 2024-25 சீசன் லீக் ஆட்டங்கள் ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிட்டன. பிளே ஆஃப் (கோப்பைக்கான இறுதிச் சுற்றுகள்) தொடங்கும் முன் ஆளுக்கொரு விருதுச் சீட்டு எழுதி ஒப்படைப்பது எங்கள் நண்பர் வட்டத்தின் வழக்கம். புள்ளிக் கணக்கு என்.பி.ஏ.யின் உண்மையான வாக்கெடுப்பில் உள்ளதுதான். எம்.வி.பி.க்கு (மிக மதிப்புமிக்க வீரர் விருது) ஐந்து பெயர்கள், வரிசையாக 10, 7, 5, 3, 1. மற்ற விருதுகளுக்கு மூன்று பெயர்கள், 5, 3, 1.

மூன்றிலிருந்து ஐந்து வரை எழுதிவிட்டேன்: யானிஸ், டேட்டம், டோனவன் மிட்செல். மேலே உள்ள இரண்டு இடங்களில்தான் கை ஓடவில்லை. யோக்கிச் ஆட்டத்துக்கு 29.6 புள்ளி, 12.7 ரீபவுண்ட் (தவறிய எறிதலில் கைப்பற்றிய பந்து), 10.2 அசிஸ்ட் (கூடைக்கு வழிவகுத்த பாஸ்). ஷை கில்ஜியஸ் அலெக்சாண்டர் 32.7 புள்ளி, அவருடைய தண்டர் அணிக்கு 68 வெற்றி. யோக்கிச்சின் டென்வர் நக்கெட்ஸ் அணிக்கு 50தான். எதை வைத்து எடை போடுவது? வெம்பன்யாமா இல்லாததால் தடுப்பாட்ட விருதிலும் குழப்பம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அதிகாலை ரசிகர்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? யோக்கிச். மார்ச் 7 அன்று ஃபீனிக்ஸுக்கு எதிராக 31 புள்ளி, 21 ரீபவுண்ட், 22 அசிஸ்ட். ஒரே ஆட்டத்தில் 30-20-20 என்பதை லீக்கின் வரலாற்றில் அதற்கு முன் ஒருவரும் தொட்டதில்லை. ஒரு சென்டர் (வளையத்தடியில் ஆடும் உயரமான வீரர்) முழு சீசனுக்கும் டிரிபிள் டபுள் (மூன்று கணக்குகளில் இரட்டை இலக்கம்) சராசரி வைத்திருப்பதும் இதுவே முதல் முறை. இதற்குப் பிறகும் பரிசு கிடைக்காது என்றால் வேறு என்னதான் செய்ய வேண்டும் அவர்?

பழைய சென்டர்:
யோக்கிச்சை நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பவன் அல்ல. நானும் அந்த இடத்தில் ஆடியவன். வளையத்துக்கு முதுகைக் காட்டி நின்றபடி, தலையைக்கூடத் திருப்பாமல், மூலையிலிருந்து உள்ளே வெட்டி ஓடுபவனின் கைக்கு நேராகப் பந்தை அனுப்பும் அந்தக் கலையை வேறு எந்தச் சென்டரிடமும் இந்த அளவுக்கு நான் கண்டதில்லை. ஆனாலும் என் முதல் பெயர் ஷை.

68 வெற்றி என்ற எண்ணைவிட அந்த வெற்றிகள் வந்த விதத்தைப் பாருங்கள். தண்டரின் சராசரி வித்தியாசம் ஆட்டத்துக்கு 12.9 புள்ளி. 1971-72 லேக்கர்ஸ் வைத்திருந்த 12.3 என்ற சாதனையே போய்விட்டது. அப்படி வெல்லும் அணியின் தலைமை வீரருக்குப் பல இரவுகளில் கடைசிக் கால் பகுதியில் வேலையே இருப்பதில்லை. பயிற்சிச் சட்டையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். அப்படி உட்கார்ந்தும் 32.7, லீக்கிலேயே முதலிடம். ஆட்டம் முடிவான பிறகு எண்ணிக்கையை ஏற்றிக்கொள்ளும் வாய்ப்பை விட்டுவிட்டு எடுத்த புள்ளிகள் அவை.

புள்ளி எடுக்கும் முறையையும் கிட்டப் போய்ப் பாருங்கள். அவர் மின்னல் வேகக்காரர் அல்லர். வலது தோளைச் சற்று இறக்குவார், தடுப்பவர் உள்ளே பாய்வார் என்று நினைத்துப் பின்வாங்குவார், இவர் சட்டென்று நின்றுவிடுவார். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையற்ற எறிதல்) கோட்டுக்கு அருகே, இரு கால்களும் ஊன்றிய நிலையில் அவசரமில்லாமல் ஒரு எகிறல். மூன்று புள்ளிக் கோட்டையும் வளையத்தின் அடியையும் தவிர மற்ற இடங்களையெல்லாம் அணிகள் கைவிட்டுவரும் காலத்தில், இவர் அந்த நடுத் தூரத்தில் நின்று ஆட்டத்தை ஆள்கிறார். ஃபவுல் வாங்கியே சேர்க்கிறார் என்று குறை சொல்பவர்கள், யானிஸ் இவரைவிட அதிக ஃப்ரீ த்ரோ எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். யோக்கிச் ஏற்கெனவே மூன்று முறை வாங்கிவிட்டார், போதும் என்று நினைத்து இரண்டாம் இடத்தில் எழுதாதீர்கள். அவர் ஆடிய ஆட்டத்துக்கு அது அவமரியாதை.

அதிகாலை ரசிகர்:
வெற்றி வெற்றி என்கிறீர்கள். ஏப்ரல் 1 அன்று மின்னசோட்டாவுடன் நடந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யோக்கிச் 61 புள்ளி, 10 ரீபவுண்ட், 10 அசிஸ்ட். இரண்டாவது ஓவர்டைமின் (கூடுதல் நேரம்) கடைசி நொடிகளில் டென்வருக்கு ஒரு புள்ளி முன்னிலை. அவருடைய சக வீரர் வெஸ்ட்புரூக் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி, வளையத்தடியில் எளிய லே அப்பைத் தவறவிட்டார். திரும்பி ஓடி வந்து, மூன்று புள்ளி எறிந்தவர் மீது ஃபவுல் செய்தார். மணி அடிக்கக் கண் இமைக்கும் நேரம்கூட மிச்சமில்லை. 140-139, தோல்வி. இதை யோக்கிச்சின் கணக்கில் எழுதுவது எந்த ஊர் நியாயம்? அதே வெஸ்ட்புரூக்குக்கு 2017-இல் 47 வெற்றி மட்டுமே பெற்ற அணியில் இருந்தபோது டிரிபிள் டபுளுக்காகத்தானே எம்.வி.பி. கொடுத்தார்கள்?

பழைய சென்டர்:
அந்தத் தோல்விக்கு யோக்கிச் பொறுப்பல்ல, முழுக்க ஒப்புக்கொள்கிறேன். சீசன் முழுவதும் அவர் பெஞ்சுக்குப் போன நிமிடங்களில்தான் டென்வரின் முன்னிலை கரைந்தது. ஆனால் 2017-ஐச் சொன்னால் 1962-ஐயும் சொல்ல வேண்டும். அந்தச் சீசனில் வில்ட் சேம்பர்லின் சராசரி 50.4 புள்ளி. ஆஸ்கர் ராபர்ட்சனுக்கு டிரிபிள் டபுள் சராசரி. அன்று வாக்களித்தவர்கள் பத்திரிகையாளர்கள் அல்லர், வீரர்களே. அவர்கள் கொடுத்தது 60 ஆட்டங்களை வென்ற பாஸ்டனின் பில் ரஸ்ஸலுக்கு. இரவுதோறும் எதிரே நின்று இடிபட்டவர்களின் தீர்ப்பு அது. எனக்கு அதில் நம்பிக்கை அதிகம்.

தடுப்பாட்டத்துக்கு வருகிறேன். வலது தோளில் இரத்தக்கட்டி ஏற்பட்டதால் வெம்பன்யாமா 46 ஆட்டங்களோடு நின்றுவிட்டார். எம்.வி.பி., தடுப்பாட்டம் போன்ற விருதுகளுக்கு 65 ஆட்டங்கள் ஆடியிருக்க வேண்டும் என்பது 2023-24 முதல் விதி. உங்கள் சீட்டிலும் அவர் பெயர் கூடாது. எல்லோரும் டைசன் டேனியல்ஸைச் சொல்வார்கள். 229 ஸ்டீல் (எதிரணியிடம் பறித்த பந்து) சாதாரணமானதல்ல. 1995-96-இல் கேரி பேட்டன் 231 எடுத்த பிறகு இவ்வளவு யாரும் எடுக்கவில்லை. ஆனால் நான் கிளீவ்லாந்தின் எவன் மோப்லியை எழுதுவேன். மாவட்டப் போட்டிகளில் ஸ்கோர் மேசையில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: உயரமான ஒருவன் வளையத்தடியில் நிற்பதைப் பார்த்து, உள்ளே வந்த கார்டு (பந்தை ஓட்டி வரும் வீரன்) பந்தை வெளியே திருப்பி அனுப்புகிறானே, அதைக் குறிக்க ஸ்கோர் தாளில் கட்டமே கிடையாது. 64 வெற்றி பெற்ற கிளீவ்லாந்தின் தடுப்பாட்டத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. டேனியல்ஸுக்கு அதிக முன்னேற்றம் கண்ட வீரர் விருதைக் கொடுங்கள். 5.8 புள்ளியிலிருந்து 14.1.

புதிய கார்டு:
முன்னேற்றத்துக்கு டெட்ராய்டின் கேட் கன்னிங்ஹாம் இல்லையா? அந்த அணி 14 வெற்றியிலிருந்து 44-க்கு வந்திருக்கிறதே!

பழைய சென்டர்:
அந்த எழுச்சியில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் 2021 டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் நிகழ்வு) முதல் தேர்வு அவர். அவரிடம் எல்லோரும் எதிர்பார்த்தது நடந்திருக்கிறது. டேனியல்ஸிடம் இதை யார் எதிர்பார்த்தார்கள்? அவருடைய பழைய அணியான நியூ ஆர்லியன்ஸே விட்டுக்கொடுத்தது.

வளையத்தடி:
எல்லோருக்கும் நன்றி. ஷை முதலில், யோக்கிச் இரண்டாவது. பெஞ்சில் உட்கார்ந்த கடைசிக் கால் பகுதிகளை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை, அதுதான் என்னை நகர்த்தியது. தடுப்பாட்டத்தில் மட்டும் டேனியல்ஸையே முதலில் வைக்கிறேன், மோப்லி இரண்டாவது. பந்து கைமாறும் அந்த நொடிக்காகவே நான் டேனியல்ஸின் அட்லாண்டா அணி ஆட்டங்களைப் பார்த்தேன். ஆறாவது ஆட்டக்காரர் (பெஞ்சிலிருந்து இறங்கும் சிறந்த வீரர்) விருதுக்குப் பிரிச்சர்ட். 80 ஆட்டங்களில் மூன்றில்தான் தொடக்கத்திலேயே இறங்கினார், இதில் சண்டைக்கு இடமில்லை. புதுமுகத்துக்கு ஸ்டீஃபன் காசில் என்று எழுதியிருக்கிறேன். ரிசாஷேதான் என்று சொல்பவர்கள் யாராவது இருந்தால் இன்றிரவுக்குள் வாதாடுங்கள்.