பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பும் அப்பாவுக்கு: சாய்தளம், கதவு, குளியலறை

வைகைக்கரை
அப்பாவுக்கு 68 வயது. பக்கவாதத்தில் இடது கை, கால் இரண்டும் விழுந்துவிட்டன. வலது பக்கம் நன்றாக இருக்கிறது. ஒருவர் பிடித்துக்கொண்டால் எழுந்து நின்று நாலு எட்டு வைக்கிறார். மற்றபடி சக்கர நாற்காலிதான். எடை 75 கிலோ. இன்னும் 10 நாளில் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போவது அம்மா, வயது 62.

மதுரையில் தரைத்தளத் தனி வீடு, செங்கல் கட்டடம். வாசலில் 3 படி, மொத்த உயரம் 18 இஞ்ச். வாசல் கதவு வீட்டு முகப்பின் இடது ஓரத்தில் இருக்கிறது; முகப்பின் அகலம் 24 அடி, படியிலிருந்து கேட் வரை 11 அடி. நிலைப்படி தரையிலிருந்து 2 இஞ்ச் மேலே நிற்கிறது. குளியலறை 5 அடிக்கு 7 அடி. கதவை முழுக்கத் திறந்தால் கிடைக்கும் இடைவெளி 25 இஞ்ச், கதவு உள்பக்கம் திறக்கும். உள்ளே இந்தியன் டாய்லெட், அதுவும் 6 இஞ்ச் மேடை மேல். அறைத் தரையைவிடக் குளியலறைத் தரை 1 இஞ்ச் இறக்கம், நடுவில் கிரானைட் பட்டி. பைக் ஏற்றுகிற சரிவு ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதையே பயன்படுத்தலாமா? எதை முதலில் செய்வது?

கொத்துக்கரண்டி
பைக் சரிவை மறந்துவிடுங்கள். அவை பெரும்பாலும் 1 அடி உயரத்துக்கு 4 அடி நீளம்தான் இருக்கும். அப்பாவும் நாற்காலியும் சேர்ந்து 90 கிலோ என்று வையுங்கள். 1:4 சரிவில் அம்மா தள்ள வேண்டிய சுமை ஏறக்குறைய 22 கிலோ. 1:12 சரிவில் ஏழரை கிலோ. ஏற்றும்போது முடியாவிட்டால் யாரையாவது கூப்பிடலாம். இறக்கும்போது அதே 22 கிலோ அம்மாவை இழுத்துக்கொண்டு போகும், அங்கேதான் ஆபத்து.

1:12 என்றால் 18 இஞ்ச் உயரத்துக்கு 18 அடி நீளம். வாசலுக்கு முன்னால் 5 அடிக்கு 5 அடி சமதளம் தனி. கேட்டை நோக்கி நேராக இறக்க இடம் போதாது. ஆனால் கதவு ஓரத்தில் இருப்பது உங்களுக்கு வசதி: சமதளம் 5, அங்கிருந்து முகப்புச் சுவரை ஒட்டி வலப்பக்கமாக 18, மொத்தம் 23 அடி. உங்கள் 24 அடிக்குள் அடங்கிவிடும். இறங்கும் இடத்தில் கேட் பக்கம் திரும்ப 5 அடி காலியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அங்கே பைக் நிற்கக்கூடாது.

அகலம் சுத்தமாக 4 அடி. 3 அடியிலும் போகலாம், ஆனால் நாளைக்கு அவர் நடந்து வரும்போது பக்கத்தில் ஒருவர் பிடித்து வர இடம் இருக்காது. சுவர் இல்லாத ஓரத்தில் 4 இஞ்ச் உயரத்துக்குக் கட்டை வையுங்கள்; சின்ன முன்சக்கரம் விளிம்பைத் தாண்டினால் நாற்காலி அப்படியே கவிழும். கைப்பிடி இரண்டு பக்கமும் வேண்டும். ஏறும்போது வலது கைக்கு வரும் கைப்பிடி, இறங்கும்போது செயலிழந்த இடது கைப் பக்கம் போய்விடும்.

கட்டுமானம்: இரு பக்கமும் 9 இஞ்ச் சுவர், நடுவில் கிராவலை 6 இஞ்ச் அடுக்காகப் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் தண்ணீர் விட்டுத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். மொத்தமாகக் கொட்டி மேலே கான்கிரீட் போட்டால் முதல் மழைக்கே நடுவில் உட்கார்ந்துவிடும். மேலே 1:2:4 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 4 இஞ்ச் கான்கிரீட். ஈரமாக இருக்கும்போதே தென்னந்துடைப்பத்தால் குறுக்குவாட்டில் கோடு இழுத்துவிடுங்கள், டைல்ஸ் வேண்டாம். குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டி ஆற வேண்டும்.

நிலைப்படியை வெட்ட வேண்டாம். மஞ்சள் பூசிக் கோலம் போடுகிற இடம், அம்மாவுக்கும் மனசு வராது. வெளிப்பக்கம் சமதளத்தையே படியின் மேல்மட்டத்துக்கு 2 இஞ்ச் ஏற்றிவிடலாம். ஆனால் சாய்தளம் 18 அடி போய் 20 அடியாகும், உங்களிடம் அவ்வளவு இடம் இல்லை. அதனால் வெளியிலும் உள்ளேயும் ஆப்பு மாதிரி மரத்துண்டோ ரப்பர் துண்டோ வையுங்கள். ஒவ்வொன்றும் 2 இஞ்ச் உயரம், 16 இஞ்ச் நீளம், வாசல் அகலம் முழுக்க. விசேஷத்துக்கு எடுத்து வைத்துவிடலாம். அரை இஞ்சுக்கு மேல் எது துருத்தினாலும் முன்சக்கரம் முட்டி நிற்கும், உட்கார்ந்திருப்பவர் முன்னால் சரிவார்.

வைகைக்கரை
நன்றி. ஒரு சிக்கல்: சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) வலப்பக்கம்தான் இருக்கிறது. கதவிலிருந்து 10 அடியில், முகப்புச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி அதன் மூடி. நீங்கள் சொன்ன பாதையில் சரியாக நடுவில் வருகிறது.

கொத்துக்கரண்டி
அப்படியென்றால் கிராவல் நிரப்பும் யோசனையையே விடுங்கள். அந்த இடத்தில் சாய்தளம் தரையிலிருந்து ஓரடிக்கு மேல் உயரம் வரும். அத்தனை மண்ணும் கான்கிரீட்டும் சம்ப் தளத்தின் மேல் உட்காரக்கூடாது; அது அந்தச் சுமைக்குப் போட்ட தளம் இல்லை.

இரும்பில் செய்யுங்கள். 50க்கு 50 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 3 மி.மீ. கனம், குறுக்குச் சட்டம் ஒன்றரை அடிக்கு ஒன்று, மேலே 5 மி.மீ. செக்கர்டு பிளேட் (மேடு மேடாக வரி போட்ட இரும்புத் தகடு). கால்கள் சம்ப் தளத்துக்கு வெளியே இறங்க வேண்டும். மூடிக்கு மேல் வரும் துண்டை போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரி தனியாகச் செய்யச் சொல்லுங்கள், லாரித் தண்ணீர் வரும்போது திறக்க வேண்டுமே. செக்கர்டு பிளேட் நனைந்தால் வழுக்கும். ரெட் ஆக்சைடு அடித்து, மேல் பெயிண்ட் காய்வதற்குள் சலித்த மணலைத் தூவி, அதன் மேல் இன்னொரு கோட் அடித்தால் பிடிப்பு வரும். மதுரை வெயிலில் தகடு சுடும், அப்பா வெறுங்காலோடு கால்வைக்க விடாதீர்கள். இதில் உங்களுக்குள்ள லாபம், ஆற வைக்க நாள் வேண்டாம். பட்டறையில் செய்து கொண்டுவந்து பொருத்திவிடலாம், 10 நாளுக்குள் முடியும்.

பிசியோ_திருச்சி
சாய்தளத்தைவிட அவசரம் குளியலறை. வெளியே போவது வாரத்துக்கு ஒரு முறை, கழிப்பறை ஒரு நாளைக்கே பல முறை.

ஒரே விதியை மனத்தில் வையுங்கள்: எல்லாம் அவருடைய வலது கைப் பக்கம் வர வேண்டும். வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் வலது கைப் பக்கம் சுவர் இருக்கும்படி அதன் இடத்தைத் தீர்மானியுங்கள். டாய்லெட்டின் நடுக்கோடு அந்தச் சுவரிலிருந்து 18 இஞ்ச். அதற்கு மேல் தள்ளினால் கை நீட்டிப் பிடிக்கும்போது உடம்பு சாயும். கைப்பிடிக் கம்பி ஆங்கில 'எல்' வடிவில் இருக்கட்டும்: படுக்கைக் கம்பி தரையிலிருந்து 28 இஞ்ச் உயரத்தில், நிமிர்ந்த கம்பி சீட்டின் முன் விளிம்பைத் தாண்டி 6 முதல் 8 இஞ்ச் முன்னால். உட்காரும்போது படுக்கைக் கம்பியில் ஊன்றுவார், எழும்போது நிமிர்ந்த கம்பியைப் பிடித்து முன்னால் குனிந்து எழுவார். முன்னால் குனியாமல் எழவே முடியாது, ஆகவே முழங்காலுக்கு எதிரே 2 அடியாவது காலி இடம் வேண்டும். இடது பக்கத்துக்கு மேலே மடக்கும் கம்பி ஒன்று போடுங்கள். அவர் அதைப் பிடிக்கப் போவதில்லை. செயலிழந்த பக்கமாகச் சரியாமல் தாங்கும்.

சீட்டின் உயரம் 18 முதல் 19 இஞ்ச். சாதாரண டாய்லெட் 16 இஞ்ச்தான் வரும், அதிலிருந்து பலவீனமான காலோடு எழுவது கஷ்டம். மேலே பொருத்தும் பிளாஸ்டிக் உயரச் சீட் ஆடும். பீடத்துக்கு அடியில் 2 இஞ்ச் கான்கிரீட் கட்டை போடுங்கள். ஆனால் கட்டை பீடத்தைவிட முன்னால் நீளக்கூடாது. எழும்போது குதிகாலைப் பின்னால் இழுக்க இடம் வேண்டும்.

கட்டிலும் மெத்தை அமுங்கிய பிறகு நாற்காலிச் சீட் உயரத்துக்கு, அதாவது 19 இஞ்ச் அளவுக்கு வரட்டும். மல்லாந்து படுத்தால் வலது கைப் பக்கம் அவர் இறங்குவதற்குத் திறந்திருக்க வேண்டும். நாற்காலியைக் கட்டிலை ஒட்டி அவர் வலப்பக்கம் நிறுத்தி பிரேக் போடுங்கள். திரும்பக் கட்டிலுக்கு வரும்போது நாற்காலியைத் திருப்பி, கட்டில் அவர் வலப்பக்கம் வரும்படி நிறுத்துங்கள். அம்மாவிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: இடது கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது, தோள்மூட்டு கழன்றுவிடும். இடுப்பில் பிடிப்பு வைத்த அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்து எழுப்பட்டும்.

இடது பக்கம் விழுந்திருக்கிறது என்றால் பாதிப்பு வலது மூளையில். அப்படிப்பட்டவர்களில் பலர் இடது பக்கம் இருப்பதைக் கவனிக்க மாட்டார்கள். கதவு நிலையில் இடது முழங்கையும் முட்டியும் அடிபடும். நிலையின் இடது ஓரத்தில் பளிச்சென்ற சிவப்பு நாடா ஒட்டுங்கள்.

குழாய்க்காரர்
அந்த 25 இஞ்ச் கதவில் சாதாரண சக்கர நாற்காலி நுழையாது. 18 இஞ்ச் சீட் நாற்காலியின் மொத்த அகலமே 25 வரும், கை வேறு நசுங்கும். கதவுப் பலகையைக் கழற்றிவிட்டாலே ஒன்றிலிருந்து ஒன்றரை இஞ்ச் கூடும். வெளிப்பக்கம் தள்ளுகதவு போடுங்கள். உள்ளே திறக்கும் கதவு எப்படியும் கூடாது. அவர் உள்ளே விழுந்தால் உடம்பு கதவை அடைத்துக்கொள்ளும், யாரும் திறக்க முடியாது. நிலையை அகலப்படுத்துவதென்றால் லிண்டலை, அதாவது கதவுக்கு மேலே சுவரைத் தாங்கும் கான்கிரீட் சட்டத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் 6 இஞ்ச்தான் சுவரில் உட்கார்ந்திருக்கும். ஒரு பக்கம் 6 இஞ்ச் வெட்டினால் அந்தப் பக்கம் தாங்கல் போயிற்று. புது லிண்டல் போடாமல் வெட்ட விடாதீர்கள். 10 நாள் கணக்குக்கு, 22 இஞ்ச் அகலமுள்ள குளியல் கமோடு நாற்காலி வாங்குவதே சரி.

மேடையை இடித்து வெஸ்டர்ன் வைப்பது தரைத்தளத்தில் சுலபம். புது டாய்லெட் வாங்குமுன் சுவரிலிருந்து கழிவுக் குழாய் நடு வரை அளந்து அதற்கேற்ற எஸ் டிராப் (கழிவு தரை வழியாக இறங்கும் வகை) வாங்குங்கள். கமோடு நாற்காலி டாய்லெட் மேல் போய் நிற்க வேண்டும், எனவே கான்கிரீட் கட்டை, சீட் எல்லாம் சேர்த்த உயரம் நாற்காலியின் சீட்டுக்கு அடியில் உள்ள இடைவெளியைவிடக் குறைவாக வர வேண்டும். நாற்காலியை முதலில் வாங்கி, அதை வைத்துப் பார்த்துவிட்டுக் கட்டையைப் போடச் சொல்லுங்கள்.

கிரானைட் பட்டியை எடுத்துவிட்டு, அறைக்குள் தண்ணீர் வராதபடி வாசலை ஒட்டி உள்பக்கம் நீள கிரேட்டிங் (கம்பிச் சல்லடை) மூடிய வாய்க்கால் வையுங்கள். தரை 80க்கு 1 என்ற வாட்டத்தில் கதவிலிருந்து எதிர்ச் சுவர் நோக்கி இறங்கினால் 7 அடிக்கு ஒரு இஞ்ச் போதும். தரையை உடைக்கும்போதே வாட்டர்புரூஃபிங் பூசிவிடுங்கள். டைல்ஸ் மேட், 1 அடிக்கு 1 அடி அல்லது அதைவிடச் சின்னது. இணைப்புக் கோடுகள் அதிகமானால் பிடிப்பு அதிகம். போர் தண்ணீர் என்றால் உப்புப் படிந்து மேட் டைல்ஸும் வழுக்கும், வாரம் ஒரு முறை தேய்க்க வேண்டும்.

கைப்பிடிக் கம்பி 32 மி.மீ. எஸ்.எஸ். 304 (துருப்பிடிக்காத எஃகு), சுவருக்கும் கம்பிக்கும் ஒன்றரை இஞ்ச் இடைவெளி. அதற்கு மேல் போனால் கை வழுக்கும்போது முன்னங்கை உள்ளே சொருகி ஒடியும். குளியலறைச் சுவர் நாலரை இஞ்ச் கனம்தான் இருக்கும். ரால்பிளக் (துளையில் செருகும் பிளாஸ்டிக் ஆப்பு), ஸ்குரூ தாங்காது, செங்கல் பொரிந்து வெளியே வரும். 10 மி.மீ. ஸ்டட்டை (மரை போட்ட கம்பி) சுவர் முழுக்கத் துளைத்து மறுபக்கம் 4 இஞ்ச் சதுரத் தகடு வைத்து நட் போட்டு இறுக்குங்கள். டைல்ஸில் ஹேமர் போடாமல் டைமண்ட் பிட்டால் துளையுங்கள், துளையைச் சிலிகான் வைத்து அடையுங்கள். பொருத்தியதும் நல்ல எடையுள்ள ஆள் முழுப் பாரத்தோடு தொங்கிப் பார்க்கட்டும். காற்றில் ஒட்டும் ரப்பர் கைப்பிடி வேண்டவே வேண்டாம். துண்டு போடும் ராடையும் கழற்றிவிடுங்கள், தடுமாறும்போது கை அதைத்தான் பிடிக்கும்.

கீசர் தெர்மோஸ்டாட்டை 45 டிகிரிக்கு இறக்குங்கள். இடது பக்கம் சூடு உறைக்காது, வெந்த பிறகுதான் தெரியும். தண்ணீரை எப்போதும் அவர் வலது கையில் ஊற்றிப் பார்த்துவிட்டுத்தான் மேலே ஊற்ற வேண்டும். குளியலறை லைனுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள்.

பிசியோ_திருச்சி
சக்கர நாற்காலி இன்னும் வாங்கவில்லையென்றால்: பக்கத்துக் கைதாங்கி கழற்றுகிற வகை, கால்தாங்கி பக்கவாட்டில் விலகுகிற வகை இரண்டும் சேர்ந்ததாகப் பாருங்கள். கைதாங்கி நிலையாக உள்ள மலிவு நாற்காலியில் கட்டிலுக்குப் பக்கவாட்டில் நகர்த்தி உட்கார வைக்க முடியாது, ஒவ்வொரு முறையும் தூக்க வேண்டிவரும். சாய்தளம் தயாராகும் முன் படியேற்ற நேர்ந்தால், நாற்காலியின் முதுகு வீட்டைப் பார்த்திருக்க வேண்டும்: ஒருவர் பின்னாலிருந்து சாய்த்து இழுக்க, இன்னொருவர் முன்னால் சட்டத்தைப் பிடித்துத் தாங்க வேண்டும். கழன்று வருகிற கைதாங்கியையும் கால்தாங்கியையும் பிடித்துத் தூக்கக்கூடாது.