மாடிப்படிச் சன்னல்: புதுப்பிப்பு
பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிச் சன்னலின் வெற்றுக் கண்ணாடியை, தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடிபோல் வர்ணத்தாலேயே மாற்ற முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன், வேலை முடிந்துவிட்டது.

அசலில், கோபால்ட் முதலான உலோக ஆக்சைடுகளால் நிறமேறிய துண்டுகளை ஈயப்பட்டைகள் இணைக்கின்றன. அந்த ஈயக்கோட்டுக்குப் பதிலாக, வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் வர்ணத்தைக் கலந்து, மருதாணிக் கூம்புபோல் சுருட்டிய பிளாஸ்டிக் தாளிலிருந்து பிதுக்கினேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் படுக்கவைத்தே பூச வேண்டும். நிமிர்ந்திருந்தால் நிறம் வழிந்து அடியில் தேங்கிவிடும். கோடு நன்றாகக் காய்ந்தபின் கண்ணாடி வர்ணத்தைக் கோட்டைத் தொடும்வரை நிரப்பி, குமிழிகளை ஊசிமுனையால் உடைத்தேன். மயிரிழை இடைவெளி இருந்தாலும் நம் ஊர் வெயில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். சாரல் காலத்தில் காய்வதற்குக் கூடுதல் நேரமாகும்.

வெளிப்பக்கம் பூசலாமா என்று கேட்ட அண்ணாச்சிக்கு: வேண்டாம், பசைக்கோடு மழை ஈரத்தில் இளகும், உட்பக்கமே பூசுங்கள், துடைப்பதும் உலர்ந்த துணியால்தான்.